கூடையை விடாத மனிதர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், பக்கத்தில் ஆறு ஓட வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இந்தக் கதையின் குரு ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் ஸ்கூட்டியில் சாப்பாடு டெலிவரி செய்கிறவள். ஆசிரமம் என்று பார்த்தால், தில்லைநகரில் ஒரு மெஸ்ஸுக்கு எதிரே நிற்கிற புங்கமரத்தடிதான்.

சீடர் கலியமூர்த்திக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணச் சமையல் கோஷ்டியில் பந்தி விசாரிக்கிறவராக இருந்தவர். முண்டியடிக்கிற கூட்டத்தைச் சமாளித்து உட்கார வைப்பார். இலை இலையாகப் போய், "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்பார். வாழ்நாளெல்லாம் அதுதான் வேலை. கொரோனா வந்ததும் மண்டபங்களுக்குப் பூட்டு விழுந்தது. கல்யாணமே வாசற்படியில் பத்துப் பேரோடு முடிந்தால் பந்திக்கு எங்கே போவது? வீட்டில் சும்மா கிடந்த மொபெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார்.

ஆர்டரை எப்படி எடுப்பது, மேப்பில் நீலக் கோட்டை எப்படிப் பிடித்துக்கொண்டு போவது என்று சொல்லிக் கொடுத்தவள் ஜெசிந்தா. அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டு, "குருவே!" என்றுவிட்டார்.

"அண்ணே, மானத்த வாங்காதீங்க. நாலு பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வித்தை குடுத்தவங்க குரு. வயசென்ன வயசு?"

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மாதங்கள் அவை. பாதிப் பேர் வீட்டிலேயே சமைத்தார்கள். மீதிப் பேருக்கு வெளிச் சாப்பாடு என்றாலே பயம். போன் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டு மரத்தடியில் டெலிவரி ஆட்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரமெல்லாம் கலியமூர்த்தியின் பந்திக் கதைதான் ஓடும்.

"பரிமாறுறவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது," என்பார். "மூஞ்சி கூச்சப்படும். போதும் போதும்னு சொல்லும். இலையப் பாக்கணும். பொரியல் தீந்து போய் வெறும் சோத்தப் பிசைஞ்சுட்டு இருப்பான் பாரு, அவன் வாய் போதும்னாலும் இலை போடுன்னு சொல்லும்."

மற்றவர்கள் எச்சில் ஊற ஊறக் கேட்பார்கள். ஜெசிந்தா மாஸ்க்குக்குள் சிரித்துக்கொள்வாள்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு டெலிவரி மட்டும் உருப்படவில்லை. விதி என்ன? சாப்பாட்டை கேட்டில் மாட்டு, மணி அடி, தள்ளி நில், கிளம்பு. கலியமூர்த்தியால் அது முடியாது. மாட்டுவார், மணி அடிப்பார், நிற்பார். ஆள் வெளியே வந்ததும், "சாம்பார் தனியா இருக்குங்க, மோர் வேணும்னா ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்று ஆரம்பிப்பார். நோய்க்குப் பயந்து நடுங்குகிற ஜனம் ஜன்னலைப் படாரென்று சாத்தும். அப்படி ஒரு கம்ப்ளெய்ன்ட் விழுந்தது.

இரண்டாவது கம்ப்ளெய்ன்ட் உறையூரில் ஒரு மாடி வீட்டிலிருந்து. அங்கே கயிறு கட்டிக் கூடை இறக்குவார்கள். கூடையில் சாப்பாட்டை வைத்தவர், கூடையை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே அண்ணாந்து, "அம்மா, ரசம் நல்ல சூடு, அவசரப்பட்டு ஊத்திக்காதீங்க!" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். மேலே இருந்த அம்மாள் பதறிப்போய் இழுக்க, கீழே இவர் பிடிக்க, நடுவில் ரசம் கொட்டியது. 'கூடையை விடமாட்டேன் என்கிறார்' என்றே புகார் எழுதியிருந்தார்கள். கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. இன்னும் ஒன்று வந்தால் ஐடி ப்ளாக்.

அதாவது வேலை போச்சு. வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஐடியால்தான். கலியமூர்த்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் இடிந்து போய் உட்கார்ந்துவிட்டார்.

"குருவே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"சாப்பிடுறவன் மூஞ்சியே பாக்காம, ஒரு வார்த்த கேக்காம, சோத்த மாட்டிட்டு வர்றது என்ன சோறு? நாய்க்கு வைக்கிற மாதிரி இருக்கு. மனசு ஒப்ப மாட்டேங்குது. நீங்க எப்படித்தான் தினம் பண்றீங்க?"

ஜெசிந்தா தன் பையிலிருந்து புது மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"நான்தான் ஏற்கெனவே போட்டிருக்கேனே."

"அது கொரோனாவுக்கு. இது வாய்க்கு."

"என்னது?"

"இன்னைக்கு ஒரு நாள், டெலிவரி முடிஞ்சு இங்க திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசக்கூடாது. குருன்னு சொல்றீங்கல்ல? சொன்னா கேக்கணும்."

ஒரு மாஸ்க்கின் மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு கலியமூர்த்தி ஏதோ முனகினார்.

"ம்ஹூம். அதுவும் கூடாது."

சொல்லி வைத்த மாதிரி அவர் போன் அடித்தது. பார்த்தார். கண் பிதுங்கிவிட்டது. போனைத் திருப்பி ஜெசிந்தாவிடம் காட்டினார். அதே உறையூர் மாடி வீடு.

வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். வந்திருப்பது தான் என்று தெரிந்த மாத்திரத்தில் அந்த அம்மாள் மூன்றாவது புகாரை எழுதிவிடுவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"போங்கண்ணே," என்றாள் ஜெசிந்தா. "சாப்பாடு ஆறுது."

போனார். அந்த வீட்டு வாசலில் மணி அடித்தார். கூடை ஆடி ஆடிக் கீழே வந்தது. மேலே ஆள் தெரியவில்லை. முதல் மாடியின் சன்ஷேடு மறைத்துக்கொண்டிருந்தது. "வச்சுட்டு விட்டுடுங்க!" என்று குரல் மட்டும் வந்தது, கொஞ்சம் கடுப்பாகத்தான்.

பேச வாய் துடித்தது. பேச முடியாது. வாய்க்கு வேலை இல்லாமல் போனதால் கண் கூடைக்குள் போயிற்று. அடியில் ரசக் கறை காய்ந்து கிடந்தது. அடடா, அன்றைக்குத் தான் கொட்ட வைத்த ரசம்! வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கயிற்றைப் பார்த்தார். சன்ஷேடு விளிம்பில் உரசுகிற இடத்தில் நார் நாராகப் பிய்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கூடை அங்கே முட்டிச் சாய்கிறது போலிருக்கிறது.

மொபெட்டிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்துக் கசக்கிக் கூடையில் சுற்றிலும் அணை கொடுத்தார். சாப்பாட்டை நடுவில் நிமிர்த்தி வைத்தார். கூடையைச் சுவரிலிருந்து இரண்டடி விலக்கி, தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கயிறு இழுபட்டதும் கூடையை விட்டுவிட்டு, அதன் அடியில் நீளமாகத் தொங்கிய கயிற்று நுனியை மட்டும் எட்டப் பிடித்துக்கொண்டார். கூடை சன்ஷேடைத் தொடாமல், துளிகூட ஆடாமல் மேலே போயிற்று.

தப்பித்தோம் என்று மொபெட்டைத் திருப்பினார்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க!"

எழுதிவிட்டார்களா, அதற்குள்ளா?

கூடை மறுபடி இறங்கியது. உள்ளே ஒரு சொம்பு. சொம்பு நிறைய நீர்மோர். கறிவேப்பிலை மிதந்தது.

கலியமூர்த்தி அக்கம்பக்கம் பார்த்தார். தெருவில் ஈ, காக்கை இல்லை. நல்ல சித்திரை வெயில். மாஸ்க் இரண்டையும் இறக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் மடமடவென்று ஊற்றிக்கொண்டார். இஞ்சி, பெருங்காயம், அளவான உப்பு. அப்பாடா! துளி மிச்சமில்லாத சொம்பைக் கூடையில் வைத்து மறுபடி தூக்கிப் பிடித்தார். கூடை மேலே போனது.

பிறகு அதே குரல், இந்தத் தடவை கடுப்பெல்லாம் போய்:

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

கலியமூர்த்தி திகைத்து நின்றார். எத்தனை ஆயிரம் பேரிடம் அவர் கேட்ட கேள்வி அது! இலை இலையாக, பந்தி பந்தியாக, தொண்டை கட்டும்வரை கேட்டிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. விசாரிக்கிறவன் எப்போதும் கடைசிப் பந்திதான், ரசமும் அடிச்சோறும்தான். போதும் என்று சொல்லலாமென்றால் பேசக்கூடாது. கூடைக்கு அடியில் தொங்கிய கயிற்று நுனியைப் பிடித்து, 'சரி' என்பதுபோல் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார்.

மேலே ஒரு சிரிப்புச் சத்தம். சொம்பு மறுபடி நிறைந்து வந்தது.

புங்கமரத்தடிக்கு வந்து மொபெட்டை ஸ்டாண்ட் போடுவதற்குள் மாஸ்க்கை இறக்கிவிட்டார். முகமெல்லாம் பல்.

"குருவே! பேசலாமா?"

"கம்ப்ளெய்ன்டா?"

"கம்ப்ளெய்ன்டாவது ஒண்ணாவது! அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. மோர் குடுத்தாங்க குருவே, மோர்! ரெண்டு சொம்பு!"

நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கறையைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், இஞ்சியைக்கூட விடவில்லை.

"ஆனா ஒண்ணு புரியல குருவே."

"என்னண்ணே?"

"நடுவுல சன்ஷேடு. அவங்களுக்கு என் மூஞ்சி தெரியாது. நானும் வாயே தெறக்கல. எனக்கு இன்னும் வேணும்னு தெரிஞ்ச மாதிரி, ஊத்தட்டுமான்னு எப்படிக் கேட்டாங்க?"

ஜெசிந்தாவின் போன் அடித்தது. ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"சொம்பப் பாத்திருப்பாங்கண்ணே," என்றாள்.