மேஸ்திரியின் தூக்குக் குண்டு

எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது, அதை ஆட்டி வைக்கிற நரம்பு எது என்று தவமணியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். பிள்ளைகள் இரண்டும் மீசை முளைத்துக் கல்லூரிக்குப் போன பிறகு, நாற்பத்தொரு வயதில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்தவள். வகுப்பில் முதல் மார்க் அவளுக்குத்தான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அதே வகுப்பில் படிக்கும் நஸ்ரீனுக்கு இருபது வயது. நாற்பது கிலோ இருந்தால் அதிகம். முழங்கைத் தசை ஒன்றின் பெயரைக் கேட்டால் கூரையைப் பார்ப்பாள். பரீட்சைக்கு முதல் நாள் தவமணியின் நோட்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது அதில் டீக்கறை இருக்கும்.

இந்த இருவரில் ஒருத்தியைத்தான் வருஷக் கடைசியில் அவர்கள் பயிற்சி எடுக்கிற ஆஸ்பத்திரியிலேயே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். யாரை என்று சொல்ல வேண்டியவர், அங்கே பிசியோதெரபிப் பிரிவுக்குப் பொறுப்பான ஹெப்சிபா மேடம். "அந்த இடம் எனக்குத்தான்" என்று தவமணி தன் நாத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. நாத்தனாரிடம் சொன்ன ஒன்றைத் திரும்ப வாங்க முடியுமா?

மேடம் தவமணியைவிட எட்டு வயது சின்னவர். அவரை 'மேடம்' என்று கூப்பிடத் தவமணி முதல் வாரமே பழகிவிட்டாள். அவர் தன்னை 'அக்கா' என்று கூப்பிடுவதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

சுடலைமுத்து மேஸ்திரி வந்தது ஒரு திங்கட்கிழமை. அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷமாகச் சுவர் கட்டியவர். மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, இடக்கையும் இடக்காலும் செயலற்றுப் போயிருந்தன. இடப்பக்கம் என்று ஒரு பக்கம் உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, இடப்பாதியை அப்படியே வைத்துவிட்டு, "இம்புட்டுத்தான் போட்டியா?" என்று மனைவி பேச்சியம்மாளிடம் சண்டைக்குப் போவார்.

கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தால் இடப்பக்கம் சாய்வார். சும்மா சாய்ந்தாலாவது பரவாயில்லை. நன்றாக இருக்கிற வலக்கையைக் கட்டிலில் ஊன்றி, தன்னைத் தானே இடப்பக்கமாகத் தள்ளுவார்.

மேடம் அவரைத் தவமணியிடம் கொடுத்தார். தவமணி நஸ்ரீனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

"நேரா உக்காருங்க மேஸ்திரி."

"நேராத்தாம்மா இருக்கேன்."

"சாஞ்சிருக்கீங்க."

"நீதாம்மா என்னைத் தள்ளுதே."

தவமணி இடப்பக்கம் நின்று தோள் கொடுத்து அவரை நிமிர்த்தினாள். அவர் இன்னும் பலமாகத் தள்ளினார். அவளும் விடவில்லை. பதினெட்டு வருஷம் மாவுக் குண்டானும் தண்ணீர்க் குடமும் தூக்கிய கை அது. புதன்கிழமை பார்த்தவர்களுக்கு, இரண்டு பேர் வேலித் தகராறில் மல்லுக்கு நிற்பதுபோல இருந்தது.

மேடம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அக்கா, நாளையிலேர்ந்து இவரை நஸ்ரீன் பாக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். தவமணிக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல இருந்தது.

நஸ்ரீன் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் தவமணிக்குத் தாங்கவில்லை. தான் தள்ளினால் மேஸ்திரி அசைய மாட்டார் என்று அந்தக் குச்சிக்கே தெரியும். அதனால் மறுபக்கம் போய், அவருடைய வலப்பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"தாத்தா, என் தோள்ல வந்து இடிங்க பாப்போம்."

"விழுந்துருவேன் பாப்பா."

"விழுந்தா என் மேலதான விழுவீங்க? சாவப் போறது நான். உங்களுக்கென்ன?"

மேஸ்திரி பாதி வாயால் சிரித்தார். சிரித்த சாக்கில் ஒரு விரற்கடை வலப்பக்கம் வந்தார். வெள்ளிக்கிழமை, யாரும் பிடிக்காமல் அரை நிமிஷம் உட்கார்ந்தார்.

"புள்ள கைராசிக்காரி" என்றாள் பேச்சியம்மாள்.

கைராசியாம்! அவள் கையே வைக்கவில்லை, பிறகு என்ன ராசி?

அன்று சாயங்காலம் தவமணி மேடத்தின் மேஜைமுன் போய் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அக்கா."

"முதல் மார்க் நான். நோட்ஸ் என்னோடது. அவ அதைப் பாத்துத்தான் பாஸே பண்றா. எங்கிட்டேர்ந்து எடுத்து அவகிட்ட ஏன் குடுத்தீங்க?"

"மேஸ்திரிக்கு என்ன கோளாறு? நோட்ல இருக்கா?"

"பதினேழாம் பக்கம்." தவமணி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "இவ்வகை நோயாளிக்குத் தன் உடம்பு எப்போது நேராக இருக்கிறது என்ற உணர்வு மாறிவிடுகிறது. சாய்ந்திருக்கும்போது நேராக இருப்பதாகவும், நிமிர்த்தினால் விழுவதாகவும் உணர்கிறார். எதிர்த்துத் தள்ளக் கூடாது. தள்ளினால் அவரும் தள்ளுவார். கண் பார்வை சரியாகவே இருக்கும். நேராக உள்ள ஒரு பொருளைக் காட்டி, அவரே திருத்திக்கொள்ளச் செய்ய வேண்டும்."

"ஒரு எழுத்து பிசகல. அப்புறம் ஏன் தள்ளினீங்க?"

"சாயறாரே மேடம்!"

மேடம் எழுந்து வாசல்வரை போய், வராந்தாவில் இருந்த பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்.

"அம்மா, சுவர் நேரா இருக்கான்னு நூல்ல கட்டித் தொங்கவிட்டுப் பாப்பாரே, மேஸ்திரியோட தூக்குக் குண்டு, அது வீட்ல இருக்கா? திங்கட்கிழமை எடுத்துட்டு வாங்க."

கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. தவமணி பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் வார்டு வழியாகப் போனபோது, மேஸ்திரி சக்கர நாற்காலியில் தனியாக இருந்தார். பேச்சியம்மாள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். மேஸ்திரி அரைத் தூக்கத்தில் இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தார். முட்டுக்கு நஸ்ரீன் ஒரு தலையணை வைத்திருந்தாள்.

தலையணை வைத்திருக்கிற அழகைப் பார், இதற்கு ஒரு கைராசி என்று தவமணி நினைத்தாள். நான் ஒரு நிமிஷத்தில் நிமிர்த்திக் காட்டுகிறேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். இடப்பக்கமாகவே போனாள். தொங்கிய இடக்கையை மணிக்கட்டில் பிடித்தாள். இழுத்தாள்.

தோள்குழியில் என்னவோ வழுக்கியது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

மேஸ்திரி முனகினார். அவள் தலையணையை இருந்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

செயலற்ற கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது. இருபத்தோராம் பக்கம். சிவப்பு மையில் இரண்டு கோடு. கோட்டின்மேல் நஸ்ரீனின் டீக்கறை.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி கையைத் தொடவிடவில்லை. மேடம் அவருடைய இடத்தோளின் நுனியில் மெல்ல விரலை வைத்துப் பார்த்தார். எலும்புக்கும் குழிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற பள்ளம்.

"யாரோ கையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. யாரு மேஸ்திரி?"

"இந்தப் பக்கம் யாரு நின்னாவன்னு எனக்குத் தெரியலியே தாயி."

நஸ்ரீனின் முகம் செத்துவிட்டது.

"நானா இருக்கும் மேடம். சனிக்கிழமை நாற்காலியில ஏத்தும்போது... சரியாப் பிடிக்கலியோ என்னவோ." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தவமணிக்கு முதலில் நெஞ்சுக்குள் இதமாகத்தான் இருந்தது. ஐந்து நாளாக எரிந்த இடத்தில் யாரோ வெண்ணெய் தடவியதுபோல. போகிற போக்கில் அவளே ஒரு கை வெண்ணெய் கூடுதலாக அள்ளினாள்.

"விடுங்க மேடம். சின்னப் பொண்ணு. தெரியாமச் செஞ்சிருப்பா."

மேடம் அவளைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததுபோலத் தவமணிக்குத் தோன்றியது.

மேடம் மேஸ்திரியின் கையைத் தூளியில் இட்டுக் கழுத்தோடு கட்டினார். பிறகு அவரைப் பெரிய கண்ணாடிக்கு எதிரே, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பேச்சியம்மாள் முந்தானையிலிருந்து அந்தப் பித்தளைக் குண்டை எடுத்துக் கொடுத்தாள். நூலில் பழைய சிமென்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. மேடம் அதை மேலே இருந்த இரும்புச் சட்டத்தில், மேஸ்திரியின் முகத்துக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டார்.

"நஸ்ரீன், நீ வலப்பக்கம். அக்கா, நீங்க இடப்பக்கம். விழுந்தாப் பிடிக்கணும். அதுவரைக்கும் தொடக் கூடாது."

இடப்பக்கம். மேஸ்திரிக்கே தெரியாத பக்கம். தவமணி உதட்டைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"தாத்தா," என்றாள் நஸ்ரீன். குரல் இன்னும் தேறவில்லை. "இது நேராத் தொங்குதா?"

"இது கோணித் தொங்குனா ஊர்ல ஒரு சுவரு நிக்காது பாப்பா."

"கண்ணாடியில பாருங்க. உள்ள இருக்கிற ஆளு?"

மேஸ்திரி நூலைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். திரும்ப நூலைப் பார்த்தார்.

"சாஞ்சிருக்கானே."

"யாரு அது?"

மேஸ்திரி கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"நாந்தான். ஆனா உடம்பு நேரா இருக்குன்னுல்லா சொல்லுது!"

மேடம் கேட்டார்: "சுவர் நேரா இருக்குன்னு கொத்தனார் சத்தியம் பண்றார். நூல் இல்லைங்குது. என்ன செய்வீங்க மேஸ்திரி?"

"சுவத்தை இடிப்பேன்."

"அப்போ கையை எடுத்து மடியில வைங்க தாத்தா," என்றாள் நஸ்ரீன். "விழ மாட்டீங்க."

கட்டிலில் ஊன்றியிருந்த வலக்கையின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. கடைசி விரல் வர மனசில்லாமல் வந்தது. கை மடிக்குப் போனது. மேஸ்திரி வலப்பக்கமாக, நூலைப் பார்த்தபடி, இம்மி இம்மியாக நகர்ந்தார்.

"விழுதேன்... விழுதேன்..."

"இல்ல தாத்தா."

"விழுதேன் பாப்பா!"

கண்ணாடியில் நூல் அவருடைய நெற்றியை, மூக்கை, சட்டைப் பொத்தானைச் சரிபாதியாகப் பிளந்து நின்றது. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். சாரத்தின் உச்சியில் பலகை நழுவியவனின் முகம். அப்படி ஒரு முகத்தோடு, வாழ்க்கையில் கட்டிய எந்தச் சுவரையும்விட நேராக, இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

தவமணியின் கைகள் அவருக்கு ஓரங்குலத்தில் இருந்தன. அவள் கண்முன்னே அந்தத் தூளி இருந்தது. அவள் நின்ற பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பத்து மணிக்கு எல்லோரும் கலைந்தார்கள். மேடம் மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதத் தொடங்கினார். தவமணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"என்ன எழுதுறீங்க மேடம்?"

"தோள் எப்படி நழுவிச்சுன்னு. நஸ்ரீன் சொன்னதைத்தான் எழுதணும்."

"அப்போ அந்த வேலை?"

"கையைப் பிடிச்சு இழுத்தவங்களை நான் எப்படி இங்க வச்சுக்க முடியும் அக்கா?"

பேனா காகிதத்தில் ஓடியது. வராந்தாவில் நஸ்ரீன் மூக்கைச் சிந்துவது கேட்டது. தவமணிக்கு நாத்தனாரின் முகம் தெரிந்தது. இன்னும் ஒரு வரி எழுதி முடித்தால் போதும், நாத்தனாரிடம் சொன்னது சொன்னபடி நடந்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"மேடம்."

"சொல்லுங்க."

"நஸ்ரீன் இல்ல."

பேனா நின்றது.

"சனிக்கிழமை மத்தியானம். பேச்சியம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாங்க. நான்தான் இழுத்தேன்."

மேடம் எழுதியிருந்த வரியை அடித்தார். அதன் மேலே வேறொரு பெயரை எழுதினார். மை காயும்வரை காத்திருந்து காகிதத்தை மடித்தார்.

தவமணியின் வலக்கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்மூட்டுகள் வெளுத்துப் போயிருந்தன. மேடம் அந்தக் கையைப் பார்த்தார்.

"கையை எடுத்து மடியில வைங்க அக்கா. விழ மாட்டீங்க."