ஐந்தேகால் கையெழுத்து

கொட்டாங்குளம் மதகுச் சங்கத்தில் உறுப்பினர் இருபத்தொரு பேர். இவர்களில் புத்தி குறைந்தவர் என்று ஒருவரைத் தனியாகக் காட்ட முடியாது. எல்லோரும் சமம். கண்மாயில் தண்ணீர் இருந்தது. மதகுச் சாவி தலைவர் சங்கிலியின் இடுப்பில் இருந்தது. அன்னக்கொடியின் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது.

"சாவிய வச்சுக்கிட்டுத் திறக்காத தலைவரு நமக்கு எதுக்கு? இறக்குங்கப்பா" என்றாள் அவள்.

நான்கு பேர் போய்ச் சங்கிலியை நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்கள். அவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஏழு முறை இறக்கினார்கள். ஏழு முறையும் ஏறினார்.

"முறைப்படி இறக்கணும்" என்றார் செயலாளர் ஒச்சப்பன். பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, ஜனாதிபதியைப் பதவியிலிருந்து நீக்கும் முறையை வாசித்தார். நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் குற்றம் சாட்ட வேண்டும். பதினான்கு நாள் அவகாசம் தர வேண்டும். மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஏற்க வேண்டும். பிறகு மறு சபை விசாரித்து, அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஏற்க வேண்டும்.

இருபத்தொன்றில் நாலில் ஒரு பங்கு ஐந்தேகால். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"காலுக்கு எங்க போறது?"

"என் நாற்றங்கால சேத்துக்கங்களேன்" என்றாள் அன்னக்கொடி.

"அது காஞ்ச கால். செல்லாது."

குருந்தன் யோசித்தான். இடது காலில் மையைத் தடவித் தாளில் ஒரு மிதி மிதித்தான். "கையெழுத்து அஞ்சு, காலெழுத்து ஒண்ணு. கணக்கு சரியாப் போச்சா?"

போயிற்று.

பதினான்கு நாள் காத்திருந்தார்கள். அன்னக்கொடி தினம் முப்பது குடம் கண்மாய்த் தண்ணீரைச் சுமந்து ஊற்றி நாற்றின் உயிரைப் பிடித்து வைத்தாள். மொத்தம் நானூற்று இருபது குடம்.

பதினைந்தாம் நாள் காலை புளியமரத்தடியில் ஓட்டெடுப்பு. பதினான்கு வேண்டும். பன்னிரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். குருந்தன் காலைத் தூக்கினான். ஆகப் பதின்மூன்று.

"வந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு தூக்கியாச்சே, பத்தாதா?"

"மொத்தத்துலன்னு போட்டிருக்குய்யா. திருப்பூர் போன மூணு பேரு, கல்யாணத்துக்குப் போன ரெண்டு பேரு, இந்தா தூங்குறாரே இவரு, செத்துப்போன பெரிய கருப்பு, எல்லாரும் மொத்தத்துல உண்டு."

எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். சங்கிலிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், அந்தப் புள்ள எத்தனை குடந்தான் சுமக்கும்? என்னையும் சேத்துக்கங்க" என்று கையைத் தூக்கினார். பதினான்கு.

இனி மறு சபை. அத்தனை பேரும் எழுந்து, தூங்கியவரையும் தூக்கிக்கொண்டு, சாலையைக் கடந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"குற்றம் என்ன?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"அத அந்தச் சபைதான் சொல்லணும்."

திரும்பிப் பார்த்தார்கள். புளியமரத்தடியில் ஒரு ஆள் இல்லை.

"குத்தத்தச் சாட்டிட்டு ஓடிட்டாங்க பாத்தியா!"

குற்றத்தைச் சொல்ல எல்லோரும் புளியமரத்துக்கு ஓடினார்கள். சொன்னார்கள். கேட்க வேப்பமரத்தில் ஆள் இல்லை. ஆகவே கேட்க ஓடினார்கள்.

"பாதிப் பேரு இங்கயே இருங்கப்பா" என்றான் குருந்தன்.

"இருந்தா பதினாலு வருமாடா, மடையா?"

மதியத்துக்குள் சாலையைப் பத்தொன்பது தடவை கடந்தார்கள்.

அன்னக்கொடிக்குக் கால் வலித்தது. பக்கத்தில் மூச்சு வாங்க ஓடிவந்த சங்கிலியிடம் கேட்டாள்: "ஏண்ணே, நீங்க ஏன் மதகத் திறக்கல?"

"யாரும் திறக்கச் சொல்லலையே தாயி" என்றார் அவர். நேரே போய்த் திறந்துவிட்டார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, நாற்றங்காலின் வரப்பைத் தொட்டது.

ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "கெடுத்தியே குடிய! திறந்துட்டா குத்தம் எங்கய்யா இருக்கு? பதினாலு நாளும் ஒரு காலும் வீணாப் போச்சே!"

சங்கிலி வெட்கப்பட்டுத் தலை குனிந்தார்.

"ஆமாண்ணே" என்றாள் அன்னக்கொடி. "நான் சுமந்த நானூத்தி இருபது குடம் என்னாகுறது? வழக்கு முடியட்டும், மூடுங்க."

அவர் மூடினார். அவள் நானூற்று இருபத்தோராவது குடத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு நடந்தாள்.