நாலாவது சீட்டு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அவசரப்படாதீர்கள். முதலில் ஏகாம்பரம் முந்நூறு படி ஏறி மூச்சு வாங்கட்டும்.

ஏகாம்பரம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வயது அறுபத்திரண்டு. ஞானம் தேடிக் குன்றின் மேலிருந்த மடத்துக்கு வந்திருந்தார். குரு தில்லைநாயகிக்கு வயது முப்பதுதான்.

அவரையும் சேர்த்துச் சீடர்கள் நாலு பேர். தினமும் காலையில் பானையிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார்கள். பேர் வந்தவர் அடிவாரத்திலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். மற்ற மூவருக்கும் பாடம்.

சீட்டு எடுப்பது புதிதாக வந்தவர் வேலை. படித்துவிட்டு, மடித்து, பானைக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். அது மடத்து வழக்கம்.

ஏழு நாளும் ஏகாம்பரம்.

எட்டாம் நாள் பையோடு குருவின் முன் வந்து நின்றார்.

"ஊருக்குக் கிளம்புறேன், அம்மா. வந்ததுலேருந்து ஒரு பாடம்கூடக் கேக்கலை."

"ஏன்?"

"தினமும் என் பேரே வருதே!"

"வரக்கூடாதா?"

"வரலாம். ஆனா பாருங்க..." மண்ணில் குந்தி விரலால் எழுதினார். "ஒரு நாளைக்கு நாலில் ஒண்ணு. ரெண்டு நாள் சேர்ந்தா பதினாறில் ஒண்ணு. இப்படியே பெருக்கிட்டுப் போனா, ஏழு நாளைக்குப் பதினாறாயிரத்து முந்நூத்தி எண்பத்துநாலில் ஒண்ணு!"

"அடேங்கப்பா! அப்போ இன்னைக்கு உங்க பேர் வராதே?"

ஏகாம்பரம் நிமிர்ந்தார். பழைய வகுப்பறை திரும்பி வந்துவிட்டது.

"அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. நேத்து நடந்தது பானைக்குத் தெரியாது. இன்னைக்கும் நாலில் ஒண்ணுதான்."

"நூத்துக்கு நூறு! உட்காரு!" என்றார் குரு. அச்சு அசலாக ஏகாம்பரத்தின் கரகரத்த குரல்.

பின்னால் மூன்று சீடர்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தோள் குலுங்கியது.

"போறதுக்கு முன்னாடி இன்னைக்குச் சீட்டையும் எடுத்துக் குடுத்துடுங்க, வாத்தியாரே."

எடுத்தார்.

ஏகாம்பரம்.

வழக்கம்போல மடித்தார். பானைக்குப் போன கையைக் குரு தடுத்தார்.

"அது வெளியில இருக்கட்டும். இன்னொண்ணு எடுங்க."

ஏகாம்பரம்.



"இன்னொண்ணு."

மூன்றாவதைப் பிரித்தார்.

ஏகாம்பரம்.

"மிச்சம் ஒண்ணு இருக்கு," என்றார் குரு. "அதுல யார் பேர்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

ஏகாம்பரம் பானையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். மண்ணில் தான் எழுதிய அவ்வளவு பெரிய எண்ணை, வாயைத் திறந்தபடி, வெகுநேரம் பார்த்தார்.

நாலாவது சீட்டை அவர் எடுக்கவில்லை.

பையைக் கீழே வைத்தார். முதலில் சிரித்தது அவர்தான்.