நேற்றைக்குத் திரும்பிய கம்ப்யூட்டர்

ஆவுடையப்பன் தாசில்தாராக இருந்தவர். ஓய்வு வேலைக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை. அன்று காலை வீட்டுக் கம்ப்யூட்டர் எதைத் திறந்தாலும் முழித்துக்கொண்டு நிற்க, விசாரணை மருமகள் சங்கரிமேல் பாய்ந்தது.

"எதையோ ஏத்திக் கெடுத்து வச்சிருக்கே! நேத்து இருந்த மாதிரி ஆகணும். ஒரு தூசு குறையக் கூடாது."

"நான் தொடவே இல்லை மாமா."

"பின்னே, பேயா தொட்டுச்சு?"

சங்கரி பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தானைத் தேடிப் பிடித்தாள்.

"இதை அழுத்தினா செட்டிங்ஸ் எல்லாம் நேத்தைக்குப் போயிரும். இன்னைக்கு ஏத்தின புரோகிராம் இருக்காது. நீங்க சொல்ற மாதிரி ஏத்தினது நான்தானே மாமா, போனாப் போகட்டும்."

"இரு, இரு! அது போகக் கூடாது!"

சங்கரியின் விரல் அந்தரத்தில் நின்றது. "எது மாமா?"

தாசில்தார் குரல் இறங்கிவிட்டது. "உங்க அத்தையோட கல்யாணப் போட்டோவுக்குக் கலர் குடுக்கிற புரோகிராம்மா. விடியக்காலம் ஏத்தினேன். அது சேலைக்கு நீலம் போட்டுச்சு. அவ போனப்புறம், பச்சைன்னு எனக்கு மட்டும்தானே தெரியும், நான்தான் மாத்தினேன்."

"போட்டோவை சேவ் பண்ணிட்டீங்கல்லா? புரோகிராம்தான் போகும், அத்தை போகமாட்டாங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. போட்டோவைத் திறந்ததும் பச்சைச் சேலையில் அத்தை அப்படியே சிரித்தாள்.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையிலேர்ந்து உன்னைத் திட்டினேனே, அதையும் திருப்பிர முடியுமா?"

"செட்டிங்ஸ் மட்டும்தான் திரும்பும் மாமா. திட்டினது அப்படியே இருக்கும். ஒரு காபி போட்டுக் குடுத்தீங்கன்னா யோசிக்கலாம்."

கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து அதிகாரமே இல்லாத ஒரு குரல் கேட்டது: "சர்க்கரை டப்பா எங்கம்மா இருக்கு?"