ஆடை எடுத்து வச்ச பால்

ஏழு வாசலும் ஏழு கிணறுமா ஒரு அரண்மனை இருந்துச்சாம். அதுல ஒரு ராஜா, ஒரு ராணி. ராணி பேரு மங்கைநாச்சி. அவளுக்கு ஒத்தைப் புள்ள, மூணு வயசுப் பொண்ணு, தங்கக்கனின்னு பேரு. அம்மை கண்டு அது போயிருச்சு. என்னத்தைச் சொல்ல, நினைச்சாலே வயிறு எரியுது.

அந்த அரண்மனையில ஒரு வழக்கம், கேளுங்க. ராஜா வீட்டுப் பொம்பளைங்க வாய்விட்டு அழக்கூடாதாம்! கவுரவக் குறைச்சலாம்! அவங்களுக்குப் பதிலா ஒப்பாரி பாடுறவங்க வந்து மாரடிச்சு அழுவாங்களாம், ராணி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு அசையாம உக்காந்திருக்கணுமாம். நல்லாருக்கு போங்க! பசிக்கிறது இவளுக்கு, சாப்பிடறது பக்கத்து வீட்டுக்காரியா?

ராணியும் அப்படியே உக்காந்தா. பதினாறாம் நாள் முடிஞ்சப்புறமும் உக்காந்தே இருந்தா. பேச்சு போச்சு, சோறு போச்சு, தூக்கம் போச்சு. வைத்தியர் கஷாயம் குடுத்தார், இறங்கல. பூசாரி வேப்பிலை அடிச்சார், அசையல. ஆஸ்தானப் புலவர் தாண்டவராயர் தாளம் தப்பாம நூறு பாட்டு எழுதி வந்து பாடினார், அவ திரும்பிக்கூடப் பாக்கல. "இன்னும் பத்து நாள் இப்படியே போனா உசுரு தங்காது மகாராஜா"ன்னுட்டார் வைத்தியர்.

ராஜா பதறிப்போய், அன்னைக்கு ராணிக்காக அழுத இருளாயியைக் கூட்டியாரச் சொன்னார். பாவம், இருளாயிக்கும் அன்னைக்கிலிருந்து மனசு சரியில்ல. பெத்தவ வாயை மூடி வச்சுட்டு நாம அழுதுட்டு வந்துட்டோமேன்னு உறுத்திக்கிட்டே கெடந்துச்சு.

"இன்னும் உருக்கமா ஒரு பாட்டு பாடு இருளாயி"ன்னார் ராஜா.

"நான் பாடினா என் நெஞ்சுதான் லேசாகும் சாமி. அவங்க நெஞ்சுல இருக்கறது என் வாய் வழியா எப்படி வரும்? நான் கூட உக்காந்துக்கறேன், பாடுறது அவங்க பாடட்டும். ஆனா எப்படிப் பாடினாலும் நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது."

"ராணி ஒப்பாரி பாடறதா!"ன்னு புலவர் குதிச்சார். ராஜா கையைக் காட்டி அடக்கிட்டார்.

முதல் நாள் இருளாயி ராணி பக்கத்துல உக்காந்து, "பாலைக் காய்ச்சி வச்சேனே, என் கண்ணே"ன்னு ஒரு அடி பாடிட்டு, அடுத்த அடிக்கு இடம் விட்டுட்டுச் சும்மா இருந்தா. ராணி வாயே திறக்கல. ரெண்டாம் நாள் அதே அடி, அதே சும்மா. ராணி தொண்டையிலேர்ந்து "ம்ம்ம்"னு ஒரு முனகல் வந்துச்சு. தூண் மறைவுல நின்ன புலவர், "சுதியே சேரலியே!"ன்னு கெக்கேன்னு சிரிச்சுட்டார். ராணி வாய் டக்குன்னு மூடிக்கிச்சு.

இருளாயிக்கு வந்துச்சே கோபம்! "வெளிய போங்கய்யா! இங்க ஒரு உசுரு ஊசலாடுது, உங்களுக்குச் சுதி கேக்குதா?"ன்னா. புலவர் முகம் சுண்டிப்போய் நகந்துட்டார்.

மூணாம் நாள் இருளாயி மறுபடியும், "பாலைக் காய்ச்சி வச்சேனே, என் கண்ணே"ன்னா, சும்மா இருந்தா. அப்ப ராணி உடைஞ்ச குரல்ல, "ஆடை எடுத்து வச்சேன்டி... குடிக்க வரலியேடி"ன்னா.

அந்தப் புள்ளைக்குப் பால்ல ஆடை இருந்தா ஆகவே ஆகாதாம். தினமும் ராணிதான் விரலால எடுத்துட்டுக் குடுப்பாளாம். அது இருளாயிக்கு எப்படித் தெரியும்? புலவருக்கு எப்படித் தெரியும்? பெத்தவளுக்குத்தானே தெரியும்!

அப்புறம் பாடினா பாருங்க ராணி, சுதியுமில்ல தாளமுமில்ல, பொழுது சாயற வரைக்கும் பாடினா, அழுதா, பாடினா. கடைசியில இருளாயி மடியில சாஞ்சு, "பசிக்குது இருளாயி"ன்னா. இருளாயி தானே ஓடிப்போய்ச் சோத்தைக் குழையப் பெசைஞ்சு கொண்டாந்து ஊட்டினா.

புலவர் என்ன ஆனார்னு கேப்பீங்களே? அவர் ஆசையா ஒரு கீரிப்புள்ள வளத்தார், அது ஒரு நாள் செத்துப்போச்சு. அதுக்கொரு இரங்கல் பாட்டு எழுத உக்காந்தார். ஒண்ணு எழுதினார், கிழிச்சார். ரெண்டு எழுதினார், கிழிச்சார். மூணு எழுதினார், கிழிச்சார். கடைசியில பாட்டு வராம வெறுங்கையோட சபைக்கு வந்து பேந்தப் பேந்த முழிச்சார்.

ராணிதான் எழுந்து வந்து பக்கத்துல உக்காந்தா. "பாடுங்க புலவரே"ன்னா.

"மீன் தலையைத் திருடி... என் பாய்க்கு அடியில ஒளிச்சு வைப்பியேடா"ன்னு மூக்கு ஒழுக, சுதி தப்பி, சபை நடுவுல கதறினார் மனுஷன். யாரும் சிரிக்கல, ராணியும் சிரிக்கல. அதுதான் அவருக்குச் சுருக்குன்னு தச்சுது.

அன்னைக்கோட, ஆளை வச்சு அழற அந்த வழக்கமும் ஒழிஞ்சுது. அவங்கவங்க பாட்டு அவங்கவங்க வாயில, என் கதை உங்க காதுல.