டீ கொட்டிய இடத்தில் குளம்

கவனமாகக் கேளுங்கள். இரண்டாம் தரம் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. கடைசியில் கேள்வி வரும். அதற்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

சவரிராயனை அழைத்துப்போகப் பல்கலைக்கழகத்திலிருந்து கார் வந்தது. வயது எழுபத்தைந்து. அங்கே டிராஃப்ட்ஸ்மேனாக முப்பத்தாறு வருஷம் கட்டடப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். "பழைய மாஸ்டர் பிளான்ல ஏதோ சந்தேகமாம்" என்றார் டிரைவர். என்ன சந்தேகம் என்று சவரிராயன் கேட்கவில்லை. இந்தக் கார் ஒருநாள் வரும் என்று ஐம்பது வருஷம் பயந்து கிடந்தவர். வந்தபோது பயம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

நடந்தது இதுதான். பல்கலைக்கழகம் அப்போது முந்நூறு ஏக்கர் பொட்டல். வகுப்பு எங்கே, நூலகம் எங்கே, விடுதி எங்கே என்று கட்டடக் கலைஞர் ஒருவர் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அதை டிரேசிங் துணியில் மை போட்டு எடுப்பது சவரிராயன் வேலை. மறுநாள் படம் சென்னைக்குப் போகவேண்டும். அன்று சாயங்காலம் டீ டம்ளர் சாய்ந்தது. அது கஞ்சி போட்டு மெருகேற்றிய துணி; ஈரம் பட்டால் கஞ்சி கரைந்து மை ஓடிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு ஓடியது. திரும்ப வரையப் பத்து நாள் ஆகும். வேலை நிரந்தரமாகாத காலம். கறையைச் சுற்றி ஒரு கரை வரைந்தார். உள்ளே நீலக்கோடு இழைத்தார். 'குளம்' என்று எழுதினார்.

கறைக்கு அடியில் இருந்தது மாணவியர் விடுதி.

பிறகு வந்தவர்களுக்குப் படம்தான் சட்டம். அதில் பெண்களுக்கு விடுதி இல்லை. ஆகவே கிழக்குக் கோடியில், பள்ளத்தில், தற்காலிகமாக ஓடு வேய்ந்து ஒரு கட்டடம் போட்டார்கள். தற்காலிகம் இன்றுவரை நிற்கிறது. அறைக்கு ஒன்பது பெண்கள். படத்தில் குளம் இருந்தது. ஆகவே சாலை அந்த இடத்தைச் சுற்றி வளைந்தது. மழைவடிகால் எல்லாம் அங்கே திரும்பியது. துணைவேந்தர் பங்களாவுக்கு மேடு போட மண் வேண்டியிருந்தபோது, குளம்தானே, ஆழமாகட்டும் என்று ஆயிரம் லாரி மண்ணை அங்கேயே அள்ளினார்கள். மேடு ஐந்து ஏக்கர். அதன்மேல் பங்களா, புல்தரை, ஒரே ஒரு மனிதர். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. தாமரைகூட வந்துவிட்டது.

இப்போது ஐந்நூறு பெண்களுக்கு விடுதி கட்ட அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் இடம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் விடுதி வேறு ஊருக்குப் போய்விடும். குளத்து இடத்தைக் காட்டலாம் என்றால் படிவத்தில் ஒரு வரி: 'இவ்விடத்தில் நீர்நிலை உள்ளதா?' உள்ளது என்றால் அங்கே கட்டக்கூடாது.

கூட்டம் பங்களாவில் நடந்தது. விடுதிக் காப்பாளர் தெய்வானை பழைய துணிப் படத்தை மேசைமேல் விரித்தார்.

"கிராமக் கணக்குல இது தரிசு. உங்க படத்துல குளம். எது பெரியவரே நிஜம்?"

"தரிசு" என்றார் சவரிராயன். "டீ கொட்டிடுச்சு. மறைக்கக் குளம் போட்டேன்."

பொறியாளர் நூர்தீன் சிரித்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷம் டீயையா தூர் வாரிக்கிட்டிருந்தோம்?"

"சிரிங்க சார். போன ஐப்பசியில கட்டில் மேல பாம்பு ஏறிச்சு. உங்க வீட்டுப் பொண்ணு படுத்திருந்தா சிரிப்பு வருமா?" தெய்வானை திரும்பினார். "அடியில என்ன இருந்துச்சு?"

"பொண்ணுங்க விடுதி."

சவரிராயன் அழுவார் என்று தெய்வானை நினைத்திருக்கலாம். அவரோ தனக்குக் கொடுத்திருந்த டீயில் பாதியைக் குடித்தார். டம்ளரைப் படத்திலிருந்து எட்ட வைத்தார்.

"குளம் இல்லைன்னு எழுதிக் கொடுங்க. நாளைக்கே தூர்த்துடலாம்" என்றார் தெய்வானை.

"தூர்க்கறதா?" நூர்தீனுக்குச் சிரிப்பு போய்விட்டது. "எட்டுக் கட்டடத்துத் தண்ணி அதுலதாங்க இறங்குது. தூர்த்தா அத்தனையும் கிழக்கேதான் பாயும். புது விடுதி முடியறதுக்குள்ள மூணு மழை வரும். உங்க பொண்ணுங்க பாயோட மிதப்பாங்க."

துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "வளாகத்தில் மேடான காலியிடம் கிடையாது. சீக்கிரம் முடிவு செய்யுங்கள்."

ஒரு தாளை நகர்த்தினார்கள். 'நான் வரைந்தபோது அங்கே குளம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சவரிராயன். அதன்கீழ் நூர்தீன்: 'இப்போது இருக்கிறது.' அதற்கும் கீழே தெய்வானை: 'அந்த இடம் எங்கள் பெண்களுடையது. திருப்பிக் கொடுங்கள்.'

மூன்று வரி, மூன்று கையெழுத்து. யாரும் பொய் எழுதவில்லை. சொல்லுங்கள்: படிவத்துக்கு யாருடைய வரி பதில்? விடுதியை எங்கே கட்டுவது?

விடை: படிவம் 'உள்ளதா' என்றுதான் கேட்டது, 'இருந்ததா' என்று கேட்கவில்லை. பதில் நூர்தீனுடையது. தெய்வானை கேட்ட இடமும் தொலைந்துபோகவில்லை. அந்த நிலத்து மண் ஆயிரம் லாரியில் ஏறி வந்து பங்களாவுக்கு அடியில் கிடக்கிறது. விடுதி அங்கே. காலியிடம் கிடையாது என்றவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். அங்கே எல்லோருக்கும் தெரியும். சவரிராயன் டம்ளரைக் கிட்டே இழுத்து, மிச்சமிருந்த டீயைப் படத்தில் பங்களாவின்மேல் சாய்த்தார். மை ஓடியது. பென்சில் கேட்டு வாங்கிக் கறையைச் சுற்றிச் சதுரம் போட்டு, 'மாணவியர் விடுதி' என்று எழுதினார். அப்போதும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அங்கே படத்தில் இருப்பதைத்தானே கட்டுவார்கள்.