பெருங்கோரை ஏரிக் கெளுத்தி

"இந்த ஒரு ஏரியை மட்டும் விட்டுடலாமா, மேடம்?" என்று கேட்டான் தணிகாசலம்.

பேராசிரியர் ஜெயசீலி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏரி மீன்களின் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் என்ன. மீனை மட்டும் பார்த்தால் போதாது, அது வாழும் தண்ணீரையும் அடிச்சேற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது ஜெயசீலி வைத்த விதி.

மற்ற ஏரிகளில் சிக்கல் இல்லை. பெருங்கோரை ஏரிக் கெளுத்தியின் சதையில் நஞ்சான காரீயம் இருந்தது. சேற்றில் அதைவிடப் பல மடங்கு.

பெருங்கோரை அவன் பிறந்த ஊர். அண்ணன் பலராமன் இன்றும் அங்கேதான் வலை போடுகிறான். கரையில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் கொட்டகை ஒன்று வந்து சில வருஷமாகிறது.

முதலில் அவன் கருவியைச் சந்தேகப்பட்டான். மறுபடி சோதியுங்கள் என்றார் ஜெயசீலி. அடுத்து மீனைச் சந்தேகப்பட்டான். சந்தையில் வேறு ஏரி மீன் கலந்திருக்கும் என்றான். நீங்களே போய்ப் பிடித்து வாருங்கள் என்றார். அண்ணனோடு படகில் போய்ப் பிடித்து வந்தான்.

ஈயம் அப்படியே இருந்தது.

இப்போது வேறு காரணங்களைச் சொன்னான். ஆய்வேட்டில் இதை எழுதினால் பெருங்கோரை மீனை ஒருவரும் தொட மாட்டார்கள். ஊரே அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அதோடு, உணவில் இருக்கலாம் என்று வைத்த வரம்புக்குக் கொஞ்சம்தான் மேலே போகிறது. வரம்பு என்பதே எங்கோ உட்கார்ந்து யாரோ கிழித்த கோடு.

ஜெயசீலி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ சாப்பிடலாம்னு சொல்றீங்க."

"தாராளமா சாப்பிடலாம், மேடம்."

"சரி. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வாங்க. வரும்போது அந்த ஏரிக் கெளுத்தியே கொண்டு வந்துடுங்க."

கொண்டுவந்தான்.

ஜெயசீலியே மீனை ஆய்ந்தார். உப்புப் போட்டு உரசிக் கழுவினார். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். அடுப்படியில் நின்றபடி, கல்லூரிக்கு வரப்போகும் புதுக் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தணிகாசலம் ஒன்றிரண்டு வார்த்தை பதில் சொன்னான்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு துண்டைப் பிட்டு, முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார். சதையைச் சோற்றோடு உருட்டி வாய்க்குக் கொண்டுபோனார்.

தணிகாசலத்தின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"வேணாம், மேடம்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபப்படவும் இல்லை.

"கொஞ்சம்தானே மேல?"

அவன் பிடியை விட்டான்.

ஜெயசீலி உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். சட்டியை மூடி அந்தப் பக்கம் நகர்த்தினார். ரசத்தை எடுத்து முதலில் அவன் தட்டில் ஊற்றினார், பிறகு தனக்கு.

"உங்க அண்ணன் வீட்ல இன்னிக்கு என்ன குழம்பு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வி.

காலையில் அண்ணன் வலையில் விழுந்ததில் பெரியதாக இரண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தவன் அவன்தான்.

கை கழுவக்கூட நிற்காமல் வாசலுக்குப் போனான். இடது கையால் போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, பிள்ளைங்க சாப்பிட உக்காந்துட்டாங்களா?"